சின்ன ஜோடி வைக்கும் பரீட்சை

போக்கரில் கைக்கு வரும் சிறிய ஜோடி எட்டில் ஏழு முறை ஏமாற்றிவிடும். அப்போது சீட்டைக் கவிழ்த்து வைக்கத் தெரிந்தவருக்குத்தான் அது திறமை விளையாட்டு. மற்றவர்களுக்கு?

தீபாவளி இரவில் தீன் பத்தி ஆடுகிறவருக்கு இரண்டு ஐந்துகள் வந்தால் முகம் மலரும். நியாயமான மகிழ்ச்சிதான். மூன்று சீட்டு ஆட்டத்தில் 100 கைகளில் 74 கைகள் வெறும் உதிரிச் சீட்டுகள். எவ்வளவு சின்ன ஜோடியாக இருந்தாலும் அந்த 74 கைகளையும் அது வீழ்த்திவிடும்.

அதே மனிதர் கோவாவில், மாண்டவி ஆற்றில் மிதக்கும் கேசினோ கப்பல் ஒன்றில் போக்கர் மேசை முன் உட்காருகிறார். அதே இரண்டு ஐந்துகள். அதே மலர்ச்சி. ஆனால் இங்கே கணக்கு வேறு. 'டெக்சாஸ் ஹோல்டெம்' எனப்படும் இந்தப் போக்கரில் கடைசிவரை போனால் ஒவ்வொருவரும் ஏழு சீட்டுகளிலிருந்து சிறந்த ஐந்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 100 கைகளில் 17 மட்டுமே ஜோடிகூட இல்லாமல் முடிகின்றன. 44 கைகளில் ஒரு ஜோடி. மீதி 39 கைகள் அதைவிடப் பலமானவை. தீன் பத்தியில் ராஜாவாக உலவிய சின்ன ஜோடி இங்கே சாதாரணக் குடிமகன்.

இந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளாததால் போகும் பணம் கொஞ்சநஞ்சமல்ல. போக்கரில் மோசமான சீட்டால் தோற்பவர்கள் குறைவு. மோசமான சீட்டை யாரும் உடனே கவிழ்த்துவிடுவார்கள். பணத்தை விழுங்குவது பாதி நல்ல சீட்டு. பாதி நல்ல சீட்டுக்கு மிகச் சரியான உதாரணம் இரண்டு முதல் ஏழுவரையிலான ஜோடிகள்.

மூன்று சீட்டு திறந்த பிறகு

ஆட்டத்தின் அமைப்பு எளிது. ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள், மற்றவர் கண்ணில் படாமல். ஒரு சுற்றுப் பந்தயம். பிறகு மேசை நடுவில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று சீட்டுகள் ஒரே சமயத்தில் திறக்கப்படும். இதுதான் ஃப்ளாப். மறுபடி பந்தயம். நான்காவது சீட்டு 'டர்ன்'. ஐந்தாவது 'ரிவர்'. ஒவ்வொன்றுக்குப் பிறகும் பந்தயம். நடுவில் குவியும் தொகைக்குப் 'பாட்' என்று பெயர்.

இரண்டு முதல் ஏழுவரை ஏதாவது ஒரு ஜோடி கையில் விழுவது சராசரியாக 37 ஆட்டங்களுக்கு ஒரு முறை. அதை வைத்திருப்பவர் எதிர்பார்ப்பது ஒன்றே ஒன்றைத்தான்: ஃப்ளாப்பில் அதே எண்ணுள்ள மூன்றாவது சீட்டு. ரம்மி ஆடுபவர்கள் சொல்லும் அதே 'செட்'தான் இங்கும். இரண்டு சீட்டுகள் கைக்குள் மறைந்திருக்க, மூன்றாவது மட்டும் மேசையில் அப்பாவியாகக் கிடக்கும். எதிராளிக்குச் சந்தேகமே வராது. போக்கரில் பெரும் தொகை கைமாறும் ஆட்டங்களில் கணிசமானவை இப்படித்தான் நடக்கின்றன.

ஆனால் செட் விழும் வாய்ப்பு 11.8 சதவீதம். ஏறத்தாழ எட்டரைக்கு ஒன்று. மணிக்கு சுமார் 30 ஆட்டங்கள் நடக்கும் கேசினோ மேசையில் ஒரு சின்ன ஜோடி கையில் வந்து, அது ஃப்ளாப்பில் செட்டாகவும் ஆவதற்குச் சராசரியாகப் பத்து மணி நேரம் காத்திருக்க வேண்டும். மீதி நேரமெல்லாம்? ஐந்து ஜோடி வைத்திருப்பவருக்கு 98 சதவீத ஃப்ளாப்களில் தன் ஐந்தைவிடப் பெரிய சீட்டு ஒன்றாவது கண்ணெதிரே கிடக்கும். ஏழு ஜோடிக்கே இது 92 சதவீதம்.

அப்படியானால் சின்ன ஜோடியை ஆடவே கூடாதா? ஆடலாம். ஆனால் விலை பார்த்து ஆட வேண்டும். எதிராளி 300 ரூபாய் கட்டுகிறார், அதற்கு ஈடாக நீங்களும் 300 ரூபாய் போட்டு ஃப்ளாப்பைப் பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை இப்படிச் செய்தால் 88 முறை செட் விழாது. அத்தனை முறையும் சீட்டைக் கவிழ்த்தால் இழப்பு 26,400 ரூபாய். மீதி 12 முறைகளில் தலா 2,200 ரூபாய் ஜெயித்தால்தான் கணக்கு நேராகும். லாபம் அதற்கு மேல்தான். எதிராளியிடம் மொத்தமே 2,000 ரூபாய்தான் இருக்கிறது என்றால்? செட் விழுந்தாலும் புண்ணியமில்லை. அவரிடம் 10,000 இருந்து உங்களிடம் 2,000 மட்டும் இருந்தாலும் அதே கதைதான். உங்களிடம் இருப்பதற்கு மேல் ஜெயிக்க முடியாது.

இதனால்தான் அனுபவசாலிகள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள். இருவரில் யாரிடம் தொகை குறைவோ, அது ஃப்ளாப் பார்க்கப் போடும் தொகையைப் போல் 15 முதல் 20 மடங்காவது இருக்க வேண்டும். கணக்கு ஏழரை மடங்கு போதும் என்றுதானே சொல்கிறது, ஏன் இவ்வளவு? செட் விழும்போதெல்லாம் எதிராளி முழுத் தொகையையும் தட்டில் வைத்துத் தரப் போவதில்லை. அவருக்கும் ஒன்றும் விழாமல் போயிருக்கலாம். முதல் பந்தயத்திலேயே விலகிவிடுவார்.

விழுந்தால் ஒரு கவலை, விழாவிட்டால் ஒன்பது

செட் விழுந்தவருக்கு வரும் முதல் சபலம், பூனைபோல் பதுங்குவது. பந்தயம் கட்டாமல் இருந்தால் எதிராளி மாட்டுவார் என்ற எண்ணம். பெரும்பாலும் இது தவறு. பாட் சிறியதாகவே இருந்தால் கடைசியில் பெரிய தொகையை உள்ளே இழுக்க வழியில்லை. மேசையில் ஒரே இனச் சீட்டுகள் இரண்டோ, அடுத்தடுத்த எண்களோ கிடந்தால் ஆபத்து வேறு. அடுத்த சீட்டு எதிராளியின் ஃப்ளஷ்ஷையோ வரிசையையோ முடித்துக் கொடுத்துவிடும். அவர் அதைப் பார்க்க வேண்டுமானால் விலை கொடுத்துப் பார்க்கட்டும். ஃப்ளாப்பிலேயே செட் விழுந்தவருக்கு ஒரு ஆறுதல் உண்டு. ரிவருக்குள் அது ஃபுல் ஹவுஸாகவோ அதற்கு மேலாகவோ மாறும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. எதிராளியிடமும் ஒரு ஜோடி இருந்து, ஒரே ஃப்ளாப்பில் இருவருக்கும் செட் விழுவது நூற்றில் ஒரு முறைதான். அந்த ஒரு முறை சின்ன செட் வைத்திருப்பவர் தன்னிடம் உள்ளதையெல்லாம் இழப்பார். அதைத் தவிர்க்க எந்த வித்தையும் கிடையாது.

செட் விழாதபோதுதான் உண்மையான பரீட்சை ஆரம்பம். இங்கே மூன்று கேள்விகள்.

எதிரில் எத்தனை பேர்? இதுதான் முதல் கேள்வி. ஜோடியில்லாத இரண்டு சீட்டுகளை வைத்திருப்பவருக்கு ஃப்ளாப்பில் ஜோடி சேராமல் போவது மூன்றில் இரண்டு முறை. ஒரே ஒரு எதிராளி என்றால் உங்கள் ஐந்து ஜோடி இன்னமும் முன்னணியில் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. மூன்று பேர் என்றால் மூவருக்குமே ஒன்றும் சேராமல் இருக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் கீழே இறங்கிவிடும். கும்பலுக்கு நடுவே செட் விழாத சின்ன ஜோடிக்கு ஒரே வேலைதான்: வழிவிடுவது.

முதலில் ஏற்றியவர் யார்? இரண்டாவது கேள்வி. ஃப்ளாப்புக்கு முன் தொகையை ஏற்றியவர் நீங்கள், எதிரில் ஒருவர் மட்டுமே, மேசையில் வெவ்வேறு இனத்தில் ராஜா, ஏழு, இரண்டு. பாட்டில் 700 ரூபாய் இருந்தால் 350 கட்டிப் பார்க்கலாம். மூன்றில் ஒரு முறை எதிராளி விலகினாலே இந்தப் பந்தயம் கையைக் கடிக்காது. அந்த ராஜா உங்கள் கையில் இருக்கக்கூடும் என்று அவர் நினைக்கவும் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் ஈடுகட்டினாலோ, ஏற்றினாலோ பாவ்லா முடிந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வீண். ஏற்றியவர் அவர், நீங்கள் ஈடுகொடுத்து வந்தவர் என்றால் நிலைமை இன்னும் பலவீனம். மலிவான ஒரு பந்தயத்துக்கு ஒரு முறை ஈடுகொடுக்கலாம்; இரண்டாவது பந்தயம் வந்தால் விலகுவதே உத்தமம்.

மேசை எவ்வளவு தாழ்வு? மூன்றாவது கேள்வி. ஆறு ஜோடி வைத்திருக்கிறீர்கள், மேசையில் எட்டு, நான்கு, இரண்டு. எதிராளியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தால் நீங்கள்தான் முன்னால். ஆனால் மீதி இரண்டு சீட்டுகளில் அவருக்கு ஏஸோ ராஜாவோ விழ நான்கில் ஒரு வாய்ப்பு. இலவசமாக அதைப் பார்க்க விடக் கூடாது, கட்ட வேண்டும். கட்டியதும் அவர் பெரிய தொகையாக ஏற்றினால்? அவரிடம் எட்டு இருக்கலாம், ஒன்பது ஜோடி இருக்கலாம், ஏஸ் ஜோடியே இருக்கலாம். ஆறு ஜோடியால் வெல்லக்கூடியது அவருடைய பாவ்லாவை மட்டும்தான்.

இந்த மூன்று கேள்விகளையும் ஓரம்கட்டிவிட்டு வரும் நான்காவது குரல் ஒன்று உண்டு: 'இன்னும் ஒரு சீட்டுதானே, பார்த்துவிடுவோம்.' கட்டில் மிச்சமிருப்பது இரண்டே இரண்டு ஐந்துகள். கண்ணில் படாத சீட்டுகள் 47. டர்னில் செட் விழ வாய்ப்பு 4.3 சதவீதம். டர்ன், ரிவர் இரண்டையும் பார்த்தாலும் 8.4 சதவீதம்தான். 23 முறை பார்த்தால் ஒரு முறை விழும். அந்த ஒரு முறை மனதில் நிற்கும். 22 முறை மறந்துபோகும். சின்ன ஜோடியில் போகும் பணத்தின் பெரும்பகுதி இந்த வாசல் வழியாகத்தான் போகிறது. ரம்மியில் சீட்டு சரியில்லை என்றால் தயங்காமல் 'ஸ்கூட்' சொல்லி விலகும் மனிதரே இங்கே தயங்குகிறார். காரணம், கையில் இருப்பது ஒன்றுமில்லாத சீட்டல்ல. ஒரு ஜோடி. அதற்காக ஏற்கெனவே பணம் கட்டியாயிற்று.

மூன்று ஜோடியும் ஒன்பது ஜோடியும்

போக்கரை உலகெங்கும் பரப்பிய ஆட்டம் என்று 2003ஆம் ஆண்டு லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் தொடரின் பிரதானப் போட்டியைச் சொல்வார்கள். 86 டாலர் கட்டி இணையத் தகுதிச் சுற்றில் ஜெயித்து உள்ளே வந்த கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், 839 பேர் கலந்துகொண்ட போட்டியில் 25 லட்சம் டாலர் பரிசை வென்றார். அந்த வெற்றிப் பாதையில் சின்ன ஜோடிக்கும் ஒரு பங்கு உண்டு. ஒரு கட்டத்தில் அவர் கையில் இரண்டு மூன்றுகள். மேசையில் ஒன்பது, இரண்டு, ஐந்து. எதிரே டச் பாய்ட் தன் சிப்ஸ் முழுவதையும் தள்ளினார். மணிமேக்கர் ஈடுகொடுத்தார். பாய்ட் காட்டியது ராஜாவும் ராணியும். பாவ்லா பிடிபட்டது.

இந்த ஆட்டத்தைப் பார்த்த ஆயிரக்கணக்கானோர் தப்பான பாடம் கற்றுக்கொண்டார்கள். மூன்று ஜோடியை விடாமல் பிடித்தால் கிரீடம் கிடைக்கும் என்ற பாடம். பாய்டிடம் ஒரு ஒன்பதோ ஐந்தோ, நான்குக்கு மேற்பட்ட ஒரு ஜோடியோ இருந்திருந்தால் மணிமேக்கரைக் காப்பாற்ற இரண்டே சீட்டுகள்தான் கட்டில் இருந்திருக்கும். அவர் ஆடியது சீட்டை நம்பி அல்ல. எதிரே இருப்பவரைக் கணித்து. அது ஒரு முடிவு, விதியல்ல.

அதே போட்டியில் இன்னொரு ஆட்டம். இம்முறை ஜோடி ஃபில் ஐவியிடம்: இரண்டு ஒன்பதுகள். மணிமேக்கரிடம் ஏஸும் ராணியும். ஃப்ளாப்பில் இரண்டு ராணிகளும் ஒரு ஆறும் விழ, ஐவி பின்தங்கினார். டர்னில் ஒன்பது. ஐவிக்கு ஃபுல் ஹவுஸ். மிச்சமிருந்த 44 சீட்டுகளில் ஏழு மட்டுமே மணிமேக்கரைக் காப்பாற்றும். ரிவரில் விழுந்தது ஏஸ். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவர் பத்தாவது இடத்தில் வெளியேறினார். சரியாக ஆடியும் தோற்கலாம், துணிந்து தப்பாக ஆடியும் ஜெயிக்கலாம். ஒரு ஆட்டத்தில் திறமைக்கும் அதிர்ஷ்டத்துக்கும் வித்தியாசம் தெரியாது.

எத்தனை ஆட்டங்களில் தெரியும்? 2017 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் உருவாக்கிய 'லிப்ரேட்டஸ்' என்ற கணினி நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்றபோது, முடிவு சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடப்பட்டன. கணினிக்குக் கட்டிய பணத்தின் மீது பாசமில்லை. 'விட்டதைப் பிடிக்க வேண்டும்' என்ற வெறியும் இல்லை. 23ஆவது முறையும் அதே நிதானத்துடன் சீட்டைக் கவிழ்க்கும். மனிதர்களில் இது சிலருக்கே வாய்க்கிறது.

நீதிமன்றம் கேட்ட கேள்வி

இந்தியாவில் போக்கர் பற்றிய சட்டச் சண்டை முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் நடந்தது: இது திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மியில் திறமையே மேலோங்கியது என்று உச்ச நீதிமன்றம் 1968இல் சொன்னது. மேற்கு வங்கத்தின் 1957ஆம் ஆண்டுச் சட்டம் சூதாட்டம் என்ற வரையறையிலிருந்தே போக்கரை விலக்கி வைத்திருந்தது. 2017 டிசம்பரில் குஜராத் உயர் நீதிமன்றம் அதைச் சூதாட்டம் என்றது. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் பெற்ற சட்டம் ஆன்லைன் ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. அந்த ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், இரண்டுமே திறமை விளையாட்டுகள் என்று சொல்லி, அவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்த பகுதியை ரத்து செய்தது. நேரம், வயது போன்றவற்றில் கட்டுப்பாடு விதிக்கும் அதிகாரம் மட்டும் அரசுக்கு உண்டு என்றது.

சின்ன ஜோடியின் கணக்கைப் பார்த்தவர்கள் சென்னைத் தீர்ப்பை மறுக்க முடியாது. சீட்டு விழுவது அதிர்ஷ்டம். ஃப்ளாப்புக்குப் பின் செய்வது திறமை. ஆனால் அந்தத் திறமை எதில் இருக்கிறது? எட்டில் ஏழு முறை விட்டுக்கொடுப்பதில். பணத்தை இழந்து கடனில் விழுபவரிடம் இல்லாதது அதுவேதான். 'இது திறமை விளையாட்டு' என்ற வாசகம் விலகத் தெரிந்தவருக்குப் பொருந்தும். விலகத் தெரியாதவருக்கு அது ஆறுதலாக மாறி இன்னும் கொஞ்சம் ஆட வைக்கும். திறமை இருக்கிறது, அடுத்த முறை பிடித்துவிடலாம் என்று.

போக்கரில் உங்கள் பணம் எதிராளிக்கு மட்டும் போவதில்லை என்பது இன்னொரு விஷயம். மேசை நடத்துபவர் பாட்டிலிருந்து ஒரு பங்கைக் கமிஷனாக எடுத்துக்கொள்கிறார். எனவே மேசையில் இருப்பவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், எழுந்திருக்கும்போது கையில் இருப்பது உட்கார்ந்தபோது இருந்ததைவிடக் குறைவு. சராசரி ஆட்டக்காரர் தோற்பவர்தான். அவரைவிடத் தெளிவாக நல்ல ஆட்டக்காரர் மட்டுமே லாபத்தைப் பார்க்கிறார். கைபேசித் திரையில் வேகம் வேறு. கேசினோவில் பத்து மணி நேரம் பொறுமையைச் சோதிக்கும் ஆட்டங்கள், ஒரே சமயத்தில் நாலைந்து மேசைகள் திறந்து வைத்திருப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கவிழ்க்க வேண்டிய தருணங்களும் அதே வேகத்தில் வரும். யோசிக்க நேரம் கிடைக்காது.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பழைய கேள்வியையே ஒதுக்கித் தள்ளியது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டு எதுவானாலும், திறமையோ அதிர்ஷ்டமோ இரண்டுமோ, தடை. நடத்துபவருக்கு மூன்றாண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. நிறுவனங்கள் தொடுத்த வழக்குகளை உச்ச நீதிமன்றம் அடுத்த மாதமே தன்னிடம் மாற்றிக்கொண்டது. சட்டத்தின் கணக்கு தெளிவானது: ஒரு விளையாட்டில் திறமை இருப்பது வேறு, அதை ஆடுபவர்கள் எல்லோரிடமும் அது இருப்பது வேறு.

கோவாவின் கப்பல்களில் மேசைகள் நிற்கவில்லை. நண்பர்கள் வட்டத்தில், காசில்லாச் சிப்ஸை வைத்து ஆடுபவர்களுக்கும் தடையில்லை. அவர்களுக்கு இந்தக் கணக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆனால் எங்கே, எதை வைத்து ஆடினாலும் இரண்டு ஐந்துகள் மாறப் போவதில்லை. எட்டரைக்கு ஒரு முறைதான் மூன்றாவது ஐந்து விழும். மற்ற நேரங்களில் ஏற்கெனவே கட்டிய தொகை பாட்டுடையது. இன்னும் கட்டாதது மட்டுமே உங்களுடையது. அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு அடுத்த சீட்டுக்குக் காத்திருப்பவரைத்தான் மேசையில் நல்ல ஆட்டக்காரர் என்பார்கள்.